தாத்தா வர்ணிப்பை எதுல பதியலாம்?

குழு: தேனூர் வீடு

பெரியப்பா, இரவு 7:12
ஐயா நேத்து திண்ணையில உக்காந்து அழகர் வர்ணிப்பை, அதான் அழகர் ஆத்துல எறங்குற கதைப்பாட்டை, எடுத்து விட்டாரு. மண்டூக மகரிஷிக்குச் சாபம் தீர்ற இடம் வரைக்கும் ஒரு அடி மறக்கல. போன்ல பிடிச்சேன், கேளுங்க.

பெரியப்பா, 7:13
🎤 குரல் பதிவு 4:12

செல்வி அத்தை, 7:21
அண்ணே கண்ணு கலங்கிருச்சு. ஆனா அப்பா "கோவிந்தோ"ன்னு தூக்குற எடமெல்லாம் கரகரன்னு உடையுது. அதுக்கடுத்த வரி காதுலயே விழல.

நான், 7:24
அத்தை, அது தாத்தா குரல் இல்ல, போன் பண்ற வேலை. அவர் மெதுவா பாடும்போது போன் தானா சத்தத்தைக் கூட்டி வச்சுக்கும். அந்நேரம் ஓங்கிக் குரல் விட்டா தாங்காம உடைஞ்சுரும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது இன்னும் சுருக்கிரும். சித்திரைக்கு முன்னால ஒரு ரெக்கார்டர் வாங்கிரலாம். நான் பாதிப் பணம் போடுறேன்.

மாமா, 7:30
எதுக்குப்பா அம்புட்டுச் செலவு. மீனாட்சி பஜார்ல சட்டையில மாட்டுற காலர் மைக் கம்மி விலைக்குக் கெடைக்குது.

பாண்டி அண்ணன், 7:33
மாமா கல்யாண வீடியோவுக்கு நான் அதைத்தான் மாட்டுறேன். பேச்சுக்குச் சரி. தாத்தாவுக்குத் தோள்ல துண்டு கெடக்குமே. அவரு கையத் தூக்குறப்பல்லாம் துண்டு மைக்ல உரசும். அந்தச் சத்தத்தைப் பெறகு எடுக்கவே முடியாது.

நான், 7:41
அப்பத்தா தாலாட்டை 2019ல நான் போன்ல பதிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு வெக்கையா இருக்குன்னு ஃபேனை நிறுத்தல. இப்பப் போட்டா இரைச்சலுக்கு அடியில எங்கயோ அப்பத்தா குரல் கேக்குது. "மாமன் அடிச்சாரோ"ன்னு வர்ற வரி மட்டும் தெளிவா இருக்கு, மிச்சத்தை ஊகிச்சுத்தான் எழுதி வச்சேன். எத்தனையோ தடவை சரி பண்ணிப் பாத்துட்டேன், ஃபேனைக் கொறைச்சா அப்பத்தாவும் சேந்து கொறையுறாங்க. திரும்பப் பாடச் சொல்ல அவங்க இல்ல. அதான் இப்ப இம்புட்டு அவசரப்படுறேன்.

செல்வி அத்தை, 7:43
சரிடா தங்கம். நானும் பணம் போடுறேன். எது வாங்கணும்னு சொல்லு.

நான், 7:52
மூணு நாலு பாத்து வச்சிருக்கேன். சோனி பிஎக்ஸ்470 இருக்கறதுலயே விலை கம்மி, 4 ஜிபி உள்ளயே இருக்கு. கூட்டத்துல பேசுறதைப் பதிய நல்லது, பாட்டுக்குப் பத்தாது. டாஸ்கேம் டிஆர்-05எக்ஸ் எல்லாப் பக்கமும் ஒண்ணா கேக்குற மைக். பத்துப் பேர் சுத்தி உக்காந்து குலவை போட்டா அதுதான் சரி. ஆனா தெருச்சத்தமும் சேந்து வரும். ஜூம் எச்1என்ல முன்னால ரெண்டு மைக் குறுக்க வச்சிருக்கும், பாடுறவரு பக்கம் திருப்பி வைக்கலாம்.

மாமா, 7:54
ஜூம்னா மீட்டிங் பேசுவாங்களே அதுவா?

நான், 7:55
அது வேற மாமா. இது ஜப்பான் கம்பெனி, ரெக்கார்டர் செய்யிறவங்க.

பாண்டி அண்ணன், 7:58
எச்1என் பழசு எனக்குத் தெரிஞ்ச ஸ்டுடியோக்காரர்ட்ட இருக்கு. பாதி விலைக்குக் கேக்கலாம்.

நான், 8:06
அண்ணே, யோசிச்சுப் பாருங்க. ஊர்ல இருந்து பட்டனை அமுக்கப் போறது பெரியப்பா. எச்1என்ல சத்த அளவை முன்னாடியே திருகி வைக்கணும், உச்சக் குரல் சத்த மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல் பக்கத்துல நிக்கணும், பூஜ்யத்தைத் தொட்டா உடைஞ்சுரும். தாத்தா எப்ப ஓங்குவாருன்னு யாருக்குத் தெரியும்? அதே ஜூம் கம்பெனியில 2024ல வந்த எச்1எசென்ஷியல்ல அந்தத் திருகே கிடையாது. 32 பிட் ஃப்ளோட்னு ஒரு முறையில பதியுது. மெதுவானதும் ஓங்குனதும் அப்படியே உள்ள இருக்கும், பெறகு கம்ப்யூட்டர்ல கூட்டிக் கொறைச்சுக்கலாம். மைக்குப் பக்கத்துலயே வேட்டு போட்டா அதுவும் உடையும், பாட்டுக்கு உடையாது. பெரியப்பா சிவப்புப் பட்டனை அமுக்குனாப் போதும்.

பெரியப்பா, 8:09
அதையே வாங்குப்பா.

பாண்டி அண்ணன், 8:10
ம். அதான் சரி. மெமரி கார்டு?

நான், 8:17
32 ஜிபி போதும். ஒரு மணி நேரத்துக்கு 1.4 ஜிபி கிட்ட ஆகும், 20 மணி நேரத்துக்கு மேல தாங்கும். கார்டை ரெக்கார்டர்ல போட்டுத்தான் ஃபார்மேட் பண்ணணும். ரிமோட்டுக்குப் போடுற சின்ன பேட்டரி ரெண்டு போகும், சார்ஜ் ஏத்துறதா நாலு வாங்கிருங்க. காது முழுக்க மூடுற ஹெட்போன் ஒண்ணு. விலை கம்மியா இருந்தாலும் பரவால்ல, ஆனா அது இல்லாம பதியக் கூடாது. அன்னைக்கு என் காதுல ஹெட்போன் இருந்திருந்தா ஃபேன் சத்தம் அப்பவே தெரிஞ்சிருக்கும்.

மைக்குக்கு மேல மாட்டுற ரோமக் குல்லா கண்டிப்பா வேணும், பெட்டியோட வராது. கண்மாய்க் காத்து திண்ணைக்கு நேரா அடிக்குதுல்ல.

செல்வி அத்தை, 8:20
அப்பா திண்ணையத் தட்டித் தட்டித்தானே பாடுவாரு? அது தொம்மு தொம்முன்னு விழாதா?

நான், 8:22
நல்லா சொன்னீங்க அத்தை. சின்ன ஸ்டாண்டுல வச்சு, அதுக்கு அடியில பழைய தலகாணி ஒண்ணு போட்டுருவோம். அவரு வாயில இருந்து ஒரு முழ தூரம், கொஞ்சம் கீழ. தட்டுறதை நிறுத்தச் சொல்லிராதீங்க, தட்டலேன்னா அவருக்குப் பாட்டு வராது.

பாண்டி அண்ணன், 8:25
நாளைக்கு டவுன்ஹால் ரோட்டுல விசாரிக்கிறேன். இல்லேன்னா ஆன்லைன்ல போட்டுரலாம்.

நான், 8:27
பில்லோட வாங்குங்க அண்ணே. பதிஞ்சதை வாட்ஸ்அப்ல ஆடியோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்பணும். அந்த ஃபைல் சில போன்ல ஓடாது, நான் கம்ப்யூட்டர்ல ஆடாசிட்டிங்கற ஆடியோ மென்பொருள்ல போட்டு மாத்தித் தர்றேன். மூலத்தை மூணு வீட்டுல வச்சுக்குவோம்.

பெரியப்பா, 8:40
ஐயாட்ட சொன்னேன். முழுசும் பாடவா, ஆத்துல எறங்குற வரைக்கும் போதுமான்னு கேக்குறாரு.

நான், 8:40
முழுசும் பெரியப்பா.

பெரியப்பா, 8:44
அப்ப ரெண்டு ராத்திரி ஆகுமாம். வெள்ளிக்கிழமையே வந்துரு. ஃபேனை நான் நிறுத்திர்றேன்.