மாறுநிலைக்கு அருகே சிதறல் ஒளி ஏறாமல் நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி:
முதுகலை புராஜெக்ட்டுக்காக ஐசோபியூட்டிரிக் அமிலமும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் ஒளிச்சிதறல் அளக்கிறேன். எடையில் 39 சதவீதம் அமிலம், ஹீலியம்-நியான் லேசர், டிடெக்டர் 90 டிகிரி கோணத்தில். மெதுவாகக் குளிர்வித்து மாறுநிலையை, அதாவது கலவை இரண்டு அடுக்காகப் பிரியத் தொடங்கும் 26 டிகிரி செல்சியஸை, நெருங்கும்போது தெளிந்த திரவம் பால்போல வெளுக்கிறது, பார்க்கவே அவ்வளவு அழகு! ஆனால் சிதறல் ஒளியின் செறிவை, மாறுநிலையிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறோம் என்பதற்கு எதிராக மடக்கை வரைபடத்தில் வரைந்தால் சாய்வு அளவில் 1.24 வர வேண்டும். மாறுநிலைக்கு 1 டிகிரி மேலே வரை வருகிறது, 0.1 டிகிரிக்குள் போனதும் கோடு படுத்துவிடுகிறது. டிடெக்டர் கோளாறா?

பதில் 1:
கோளாறு இல்லை, அங்கே அது படுக்கத்தான் வேண்டும். 1.24 என்பது கோணம் பூஜ்யமாகும்போது கிடைக்கும் சிதறலுக்கு உரியது, நீங்கள் அளப்பதோ 90 டிகிரியில். இந்தக் கலவையின் தொடர்பு நீளம் (கலவை விகிதத்தின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தூரம்) மாறுநிலைக்கு 1 டிகிரி மேலே ஏறத்தாழ 13 நானோமீட்டர், 0.1 டிகிரியில் 55. உங்கள் சிதறல் அலையெண் (அலைநீளத்தையும் கோணத்தையும் பொறுத்தது) நானோமீட்டருக்கு 0.019 அளவில் இருக்கும், அதை 55 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 1 வரும். சிதறல் ஒளியை அலையெண்ணோடும் தொடர்பு நீளத்தோடும் இணைக்கும் ஆர்ன்ஸ்டைன்-ஜெர்னிக்கே சமன்பாட்டில் அதன் பிறகு கோணம்தான் ஆளும். அதனால் ஒவ்வொரு வெப்பநிலையிலும் 30 முதல் 130 டிகிரி வரை பல கோணங்களில் எடுத்து (ஒளிச்செறிவை கோணத்தின் சைனால் பெருக்க மறக்காதீர்கள், ஒளி சிதறும் கனஅளவு கோணத்தோடு மாறும்), அந்த ஒளிச்செறிவின் தலைகீழியை அலையெண்ணின் வர்க்கத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும். அதைப் பூஜ்யம்வரை நீட்டினால் கிடைக்கும் வெட்டுத்துண்டு (கோடு அச்சைத் தொடும் மதிப்பு) வெப்பநிலையோடு மாறும் சாய்வைத்தான் 1.24-உடன் ஒப்பிட வேண்டும். இந்த நேர்கோட்டின் சாய்வை வெட்டுத்துண்டால் வகுத்தால் தொடர்பு நீளத்தின் வர்க்கமே கையில் வந்துவிடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. அப்புறம் மாறுநிலை வெப்பநிலையைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். கொஞ்சம் அசுத்தம் இருந்தாலே அது நகரும், 0.02 டிகிரி பிசகினாலும் 0.1 டிகிரிக்குள் எல்லாப் புள்ளிகளும் கெட்டுவிடும். உங்கள் செல்லிலேயே (கலவை இருக்கும் கண்ணாடிக் கலம்), கலவை பிரியும் இடத்தைப் பார்த்துக் குறியுங்கள். இன்னும் நெருங்கினால் ஒரு முறை சிதறிய ஒளி மறுபடியும் சிதறும், மெல்லிய செல் உதவும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! பிரிந்தபோது இரண்டு அடுக்குக்கும் இடையிலான கோடு செல்லின் அடியிலிருந்து கால்பங்கு உயரத்தில்தான் தோன்றியது. அது பரவாயில்லையா?

பதில் 2:
இல்லை, அது நடுவில் வர வேண்டும். மேலடுக்குதான் அமிலம் மிகுந்தது, அது முக்கால் பங்கு என்றால் அமிலம் கூடிவிட்டது. தண்ணீரைச் சற்றுக் கூட்டிப் புதிதாக ஒரு செல் நிரப்புங்கள், தூசி வடிகட்டிவிட்டு.