பங்களிப்பாளர் என்றால் "பங்கு எவ்வளவு?" என்கிறார்கள், வேறு சொல் உண்டா?

அனுப்புநர்: சிப்புட் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை எங்கள் பள்ளிக் கணினி அறையில் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவது எப்படி என்று ஒரு பயிற்சி வைக்கிறோம். பெற்றோர், தோட்டத்தில் ஓய்வு பெற்றவர்கள், படிவம் ஐந்து (இடைநிலைப் பள்ளி இறுதி வகுப்பு) முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் வரலாம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருந்த பால்மர (ரப்பர்) காடுகள் பல செம்பனையாகவும் தாமானாகவும் (வீடமைப்புப் பகுதியாகவும்) மாறிவிட்டன. 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைகள் மூவர் சுடப்பட்டதும் அதையொட்டி மலாயாவில் அவசரகாலம் வந்ததும் எல்லா வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கிறது. அதே தோட்டங்களில் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தவர்களைப் பற்றி இணையத்தில் தேடினால் தமிழில் என்ன கிடைக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

சரி, சிக்கல் இதுதான். "விக்கிப்பீடியா பங்களிப்பாளர் ஆகுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் அறிவிப்புப் போட்டேன். முதல் கேள்வி: "பங்கு எவ்வளவு டீச்சர்?" அடுத்தது: "ஐசி (அடையாள அட்டை) நகல் கொண்டு வரணுமா?" இவர்களைக் குறை சொல்ல முடியாது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. 1960இல் அவர் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பங்கு வாங்கிய குடும்பங்கள் இங்கே நிறைய. பங்கு என்றாலே இவர்களுக்கு ரசீது ஞாபகம் வருகிறது. "தன்னார்வலர்" என்று மாற்றிப் பார்த்தேன், வெள்ள நிவாரணத்துக்கு ஆள் சேர்ப்பதாக நினைத்து அரிசி மூட்டை எங்கே இறக்க வேண்டும் என்கிறார்கள்.

சம்பளம் இல்லை, நியமனக் கடிதம் இல்லை, யாரும் எழுதலாம், ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தலாம். இப்படிப்பட்ட ஆளைக் குறிக்க ஒரே சொல் வேண்டும். வியாழக்கிழமை பேனர் அச்சுக்குப் போகிறது.

அனுப்புநர்: சிங்கை வாசகன்

இதற்கு ஏன் டீச்சர் இவ்வளவு யோசனை? எங்கள் பக்கம் தொண்டூழியர் என்றுதான் செய்தியிலிருந்து சமூக மன்ற அறிவிப்புவரை எல்லாவற்றிலும் போடுகிறார்கள். யாரும் அரிசி மூட்டை தூக்க வரவில்லை. இணையக் கலைக்களஞ்சியத் தொண்டூழியர் என்று போட்டு முடித்துவிடுங்கள்.

அனுப்புநர்: கிராணி மகன்

அண்ணே, பேனரின் பாதி அகலம் அந்த ஒரு சொல்லுக்கே போய்விடும். அப்புறம், "ஊழியர்" என்று கண்ணில் பட்டதுமே எங்கள் ஆட்கள் அலவன்ஸ் கேட்பார்கள். ஊழியர் சேமநிதி என்று இ.பி.எஃப்-ஐச் சொல்லிப் பழகிய வாய். தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு ஊழியம் என்றால் வேறு. பிள்ளைகளைக் கேட்டால் பட்டென்று சுக்காரேலாவான் என்கிறார்கள், பள்ளியில் படித்த மலாய்ச் சொல் அதுதானே.

அனுப்புநர்: பழைய வாத்தியார்

சுக்காரேலாவான் என்பதில் முன்னால் நிற்கும் "சுக்கா" வடமொழிச் சுகம், பின்னால் நிற்கும் "வான்" விகுதியும் வடமொழி. தனவான், பலவான் என்று நாம் அந்த வானை விரட்டி எவ்வளவு காலமாயிற்று, அது மலாய் வேடத்தில் திரும்பி வருகிறது!

தொண்டூழியர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொண்டு என்பதற்குப் பழந்தமிழில் ஒன்பது என்ற பொருள் உண்டு. பரிபாடலில் வருகிறது, தொல்காப்பியச் செய்யுளியலிலும் "தொண்டு தலையிட்ட" என்று வருகிறது. தொண்ணூறு என்ற சொல்லில் இன்றும் அதன் தடம் இருக்கிறது. எண் பெயரான தொண்டும் அடிமைப் பணியைக் குறிக்கும் தொண்டும் ஒரே வேரா, வேறு வேறா என்பது என்னை நெடுநாளாகத் தூங்கவிடாத கேள்வி. தொள் என்ற அடியிலிருந்து தொடங்கினால்...

அனுப்புநர்: சிப்புட் டீச்சர்

ஐயா, தொள்ளிலிருந்து தொடங்கினால் சனிக்கிழமைக்குள் வந்து சேர மாட்டோம். சொல்?

அனுப்புநர்: வடலி

டீச்சருக்கு வணக்கம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, 2017இல் 1,00,000 கட்டுரைகளைத் தாண்டியது. இவ்வளவு காலமாக உள்ளே புழங்குகிற சொற்கள் இருக்கேக்க நாங்கள் ஏன் புதிதாக ஆக்க வேணும்? கணக்குத் திறந்தவர் பயனர். பக்கத்தின் மேலே இருக்கும் பொத்தான் தொகு. எழுதிப் பழகும் இடம் மணல்தொட்டி. பொதுவாகக் கூடிக் கதைக்கும் பக்கம் ஆலமரத்தடி. படங்களைச் சேர்க்கும் இடம் பொதுவகம். பேனரில் ஒரு சொல்லும் உள்ளே போனால் வேறொரு சொல்லும் இருந்தால் சனங்கள் குழம்பிப் போவார்கள்.

அனுப்புநர்: பழைய வாத்தியார்

ஆலமரத்தடி நல்ல ஆக்கம், வைத்தவருக்கு ஒரு கும்பிடு. பயனரை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பயன் கொள்பவர்தானே பயனர்? அங்கே போய்ப் படித்துவிட்டு வருகிறவர்தான் பயன் கொள்கிறார். எழுதுகிறவர் பயன் தருகிறவர். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் எப்படி?

பொத்தான் "தொகு" என்று இருக்கும்போது ஆள் தொகுநர்தான். பெறுநர், அனுப்புநர், ஓட்டுநர் வரிசையில் இயல்பாக உட்காரும். தொகுத்தல் என்பதை வெறும் பொறுக்கிச் சேர்த்தல் என்று நினைக்க வேண்டாம். "தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்ப்பு" என்று நூல் யாப்பை நன்னூல் நான்காகப் பிரிக்கிறது. விக்கிப்பீடியாவில் நடப்பதும் இந்த நான்கும்தானே? பெரிய கட்டுரையைச் சுருக்குகிறார்கள், குறுங்கட்டுரையை வளர்க்கிறார்கள், ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கிறார்கள். எட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று பெயர் நிற்கிறது. உட்கார்ந்து தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. சம்பளம், பெயர், படம் எதுவும் இல்லாத அந்த மனிதர்தான் டீச்சர் தேடும் ஆள்.

அனுப்புநர்: கிராணி மகன்

வாத்தியார் ஐயா, நற்றிணைக்காரர் பயனர் பெயரில் எழுதியிருப்பார். சொந்தப் பெயர் தெரியாமல் பாட்டில் வரும் தொடரையே பெயராகப் பெற்ற சங்கப் புலவர்கள் செம்புலப்பெயல்நீரார், குப்பைக்கோழியார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எல்லாம் வேறென்ன? சொந்தப் பெயர் போடாமல் எழுதலாமா என்று யாராவது பயந்தால், டீச்சர் இவர்களை உதாரணம் காட்டலாம்.

தொகுநர் எழுத்தில் நன்றாக இருக்கிறது, வாயில் தொகுனர் ஆகிவிடும். உடனே இயக்குநரா இயக்குனரா சண்டை இங்கேயும் தொடங்கும், அதை நான் மூன்று குழுவில் பார்த்தாயிற்று. தொகுப்பாளர் என்றால் டிவியில் மைக் பிடிப்பவர். எழுத்தர் அழகான சொல், ஆனால் அது எங்கள் அப்பா, ஆபீஸ் கிராணி. ஆசிரியர் என்று போட்டால் பள்ளியில் வேலை காலி என்று நினைப்பார்கள்.

அனுப்புநர்: லயத்துப் பெண்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சொல் சொல்லலாமா? எங்கள் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். காலையில் பெரட்டில் (ஆள் கணக்கெடுக்கும்போது) தண்டல், அதாவது மேற்பார்வையாளர், பேர் கூப்பிட்டு நிரை (மர வரிசை) பிரித்துக் கொடுப்பார். ஒருவர் வராவிட்டால் அந்த நிரையை இன்னொருவர் பார்த்துக்கொள்வார், மரம் சும்மா நிற்காது. விக்கிப்பீடியாவிலும் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார். நிரையாளர் என்று வைத்தால் எங்கள் ஊரில் விளக்கமே வேண்டாம்.

அனுப்புநர்: பழைய வாத்தியார்

அருமை அம்மா! நேர், நிரை என்று யாப்பிலும் இருக்கிறது, ஆநிரை என்று புறத்திணையிலும் இருக்கிறது. பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் ஒரு குடும்பமே கிடைக்கும். கட்டுரையைக் கெடுத்துவிட்டுப் போகிறவன் வெட்சியான். கெடுத்ததை மீட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறவர் கரந்தையார். தொல்காப்பியர் கவர்தலையும் மீட்டலையும் வெட்சிக்குள்ளேயே வைத்தார், கரந்தையைத் தனித் திணையாக்கியது பின்வந்தவர்கள். நான் தொல்காப்பியர் கட்சி என்பதால் இதில் எனக்கே ஒரு தயக்கம்...

அனுப்புநர்: வடலி

ஐயா, மீளமை என்று ஒரு பொத்தான் ஏற்கெனவே இருக்குது. அதைக் கரந்தை என்று மாற்றினால் யாழ்ப்பாணத்தில் ஒருத்தருக்கும் விளங்காது, மதுரையிலும் விளங்காது.

நிரையாளர் எனக்கும் பிடிச்சிருக்கு தங்கச்சி, ஆனால் இன்றைய நிரை என்பது குறிப்பிட்ட ஓர் ஆளுக்குக் கொடுத்ததுதானே? விக்கிப்பீடியாவில் முதலில் விளங்கப்படுத்த வேண்டியது, கட்டுரை ஒருத்தருக்கும் சொந்தமில்லை என்பது. "என்ர நிரையில் நீ ஏன் கை வைத்தாய்" என்று முதல் நாளே சண்டை வரும். தண்டல் யார் என்ற கேள்வியும் வரும்.

அனுப்புநர்: சிப்புட் டீச்சர்

சொல்லை ஒரு பக்கம் வையுங்கள். நேற்று ஓய்வு பெற்ற ஓர் அம்மா கேட்டார்: "நான் இருந்த தோட்டத்தில் ஆயாக் கொட்டகை (பிள்ளைக் காப்பகம்) எங்கே இருந்தது, கோயிலை யார் கட்டினார்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அதை எழுதினால் வைத்துக்கொள்வார்களா, அழித்துவிடுவார்களா?" என்ன பதில் சொல்வது?

அனுப்புநர்: வடலி

நேர்மையாகச் சொன்னால், அப்படியே எழுதினால் நிற்காது. சொந்த ஆய்வு கூடாது, வெளியான சான்று வேணும். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. படிக்கிறவர் சரிபார்க்க ஒரு வழி இருக்க வேணும், அவ்வளவுதான். ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதேங்கோ. எந்த ஆண்டு, எந்தத் திருவிழா என்று அவர் சொன்னால்தான் பிள்ளைகளுக்கு எங்கே தேடுவது என்று தெரியும். தமிழ் நேசன் 1924இலிருந்து 2019வரை வந்த நாளிதழ், பழைய இதழ்களில் தோட்டச் செய்திகள் ஏராளம். நூலகத்தில் தேடலாம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் எல்லாம் வீட்டு அலமாரியில் இருக்கும். அவை தாங்களே வெளியிட்டவை என்பதால் எல்லாத்துக்கும் சான்றாகாது, ஆண்டு, பெயர் போன்ற சாதாரண விபரத்துக்கு உதவும். பார்த்து எழுத வேணும், வரிக்கு வரி படியெடுக்கக் கூடாது, அது காப்புரிமைச் சிக்கல். அந்த அம்மாவின் கையில் தோட்டத்துப் பழைய படம் இருந்தால், எடுத்தவர் யார் என்று கேட்டுப் பிறகு பொதுவகத்தில் ஏற்றுங்கோ. படம் கையில் இருந்தால் மட்டும் உரிமை வந்துவிடாது.

இன்னொன்று, இது முக்கியம். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 புதிய கணக்குக்கு மேல் திறக்க விடாது. கணினி அறையில் ஏழாவது ஆளுக்குத் தடை வரும். வருகிறவர்களை வீட்டிலேயே கைத்தொலைபேசியில் கணக்குத் திறந்துகொண்டு வரச் சொல்லுங்கோ, அல்லது விலக்குக் கேட்டு முன்கூட்டியே எழுதுங்கோ.

அனுப்புநர்: சிப்புட் டீச்சர்

ஆறுதானா! நல்லவேளை சொன்னீர்கள். இதுதான் இந்த இழையிலேயே எனக்கு உதவிய மடல், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அச்சுக்காரர் இரண்டு முறை அழைத்துவிட்டார். எனக்குத் தனியே வந்த மடல்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில் பங்களிப்பாளருக்கு நான்கு பேர், அதில் இருவர் "வேறு வழியில்லை" என்று சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தொகுநருக்கு வாத்தியார் ஐயாவும் அவருடைய மாணவர் ஒருவரும். நிரையாளருக்கு லயத்துப் பெண்ணும் மனசுக்குள் நானும். பேனரில் ஆள் பெயரே போடவில்லை, "தமிழ் விக்கிப்பீடியாவில் நீங்களும் எழுதலாம்" என்று வினையாகப் போட்டுவிட்டேன். கையேட்டில் பங்களிப்பாளர், பக்கத்தில் "பணம் கட்ட வேண்டியதில்லை" என்று பெரிய எழுத்தில்.

அனுப்புநர்: பழைய வாத்தியார்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்புக்கொள்ளவில்லை. "எழுதலாம்" என்றால் ஒற்றுப்பிழை திருத்துகிறவர், சான்று சேர்க்கிறவர், படம் ஏற்றுகிறவர் எல்லாம் வெளியே நிற்பார்கள். கட்டுரை எழுதத் தெரியாது என்று நினைக்கிற ஆள்தான் உங்கள் ஊரில் அதிகம் டீச்சர், அவர்களுக்குத்தான் தொகுநர் என்ற சொல் வேண்டும் என்றேன். சனிக்கிழமை நானும் ஈப்போவிலிருந்து பேருந்தில் வருகிறேன், ஏழாவது கணக்கு என்னுடையதாக ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொண்டு பற்றிய என் மடலைத் தனி இழையாகத் தொடங்குகிறேன், ஆர்வமுள்ளவர்கள் அங்கே வரலாம்.