புதுப்பிப்பு: விரைவு மாற்று இணைப்பில் கூம்பும் முகமும்

அதிவேகத்தில் சுழலும் வெட்டுக்கருவியின் முனை அச்சுத்திசையில் சற்றே நகர்வது ஏன் என்று இதே இழையில் முன்பு கேட்டிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது. 7/24 சரிவுள்ள (24 அலகு நீளத்துக்கு விட்டம் 7 அலகு குறையும்) வழக்கமான கருவிப் பிடிப்பான் கூம்புப் பரப்பில் மட்டுமே அமர்வதால், மையவிலக்கு விசையால் ஸ்பிண்டிலின் (கருவியைச் சுழற்றும் எந்திரத் தண்டின்) வாய் விரியும்போது, பிடிப்பானைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கும் இழுதண்டு அந்தப் பிடிப்பானை இன்னும் உள்ளே இழுத்துவிடுகிறது. 1:10 சரிவும் உள்ளீடற்ற தண்டும் கொண்ட எச்எஸ்கே (HSK) வகைப் பிடிப்பான் இணைப்பிலோ கூம்போடு விளிம்பு முகமும் சேர்ந்து பதிவதால் அந்த நகர்வு தடுக்கப்படுகிறது; உள்ளிருந்து பற்றும் விரல்கள் வேகம் கூடக்கூட மேலும் இறுகுவதையே இதன் பெரிய சிறப்பாகக் கருதுகிறேன்.

லேத் எந்திரத்துக்கு ஐஎஸ்ஓ 26623 தரத்தின் பலகோணக் கூம்பையே பரிந்துரைப்பேன்: அதன் வடிவமே முறுக்குவிசையைத் தாங்குவதால் பிடிப்பான் நழுவிச் சுழலாமல் தடுக்கும் தனிச் சாவித் துண்டு தேவையில்லை, வெட்டுமுனையின் மைய உயரமும் மாற்றத்துக்கு மாற்றம் நம்பகமாகத் திரும்பக் கிடைக்கிறது. எந்த வகையானாலும், முகங்களுக்கிடையே சிறு உலோகச் சீவல் சிக்கினாலே துல்லியம் கெடும் என்பதால், பொருத்தும் முன் துடைப்பதை யாரும் தவிர்க்க வேண்டாம்.