கண்ணாடி வேர்க்கிறதா, பனிக்கிறதா? திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகக் கார் ஏ.சி. பற்றி எட்டுப் பக்கக் குறிப்பு ஒன்று எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஏழு பக்கம் முடிந்தது. மழையில் முன்கண்ணாடி மங்குவதற்கு ஒரு சொல், அதைப் போக்கும் பொத்தானுக்கு ஒரு சொல், இந்த இரண்டும் கிடைக்காமல் நிற்கிறேன். வகுப்பில் எல்லோரும் 'ஃபாக் அடிக்குது சார்' என்கிறார்கள். நான் கரும்பலகையில் 'பனிநீக்கி' என்று எழுதினேன். "நம்ம ஊர்ல எங்க சார் பனி பெய்யுது?" என்று ஒரு பையன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். மங்கல் இரண்டு வகை. ஆடிச் சாரலில் நனைந்த சட்டையோடு நாலு பேர் ஏறி, உள்காற்றையே சுழலவிட்டு, குளிருகிறதென்று ஏ.சி.யையும் அணைத்துவிட்டால், மூச்சும் சட்டை ஈரமும் கண்ணாடியின் உள்பக்கம் படியும். இதற்கு ஏ.சி.யைப் போட வேண்டும். வெளிக்காற்றை உள்ளே எடுத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, சூட்டையும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஏ.சி.யின் குளிர்ச்சுருள் காற்றின் ஈரத்தை நீராக்கி வண்டிக்கு அடியில் சொட்டவிடும், உலர்ந்த காற்று கண்ணாடியைத் தெளியவைக்கும்.

இரண்டாவது வகை நேர் எதிர். மழை விட்ட சாயங்காலம் வெளியே 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 26 டிகிரி. ஏ.சி. காற்று பட்டுக் கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்தால் வெளிப்பக்கம் நீர் பூக்கும். இதற்கு வைப்பரைப் போட்டு, காற்றைக் கண்ணாடியிலிருந்து விலக்கி, குளிரைக் குறைக்க வேண்டும். குளிரையும் குறைக்காமல் முதல் வகைக்கான பொத்தானை இங்கே அமுக்கினால் இன்னும் மோசமாகும். ஆகவே, சொல்லைக் கேட்டதும் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை.

கொட்டாரத்திலிருந்து:

இதில் என்ன யோசனை? ஆவிப்படிவு, ஆவிநீக்கி. எல்லாருக்கும் புரியும். இழையை மூடிவிடலாம்.

தக்கலையிலிருந்து:

ஆவிநீக்கி என்றால் எங்கள் பக்கம் பேயோட்டுகிறவர். டாஷ்போர்டில் வேப்பிலையும் கட்டிவிடலாம். பகடி போகட்டும், ஆவி கண்ணுக்கே தெரியாது. அது நீர்த்துளியாக மாறிய பிறகுதான் பார்வையை மறைக்கிறது. பாடக்குறிப்பில் இந்தப் பிழை வேண்டாம். 'மப்பும் மந்தாரமும்' என்கிறோமே, 'மப்பு' எப்படி?

நாகர்கோவிலிலிருந்து:

மப்புநீக்கி பொருத்திய வண்டி என்று தெரிந்தால் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் ஓட்டுநரை ஊதச் சொல்வார்கள். அடுத்தது?

அதங்கோட்டிலிருந்து:

தொல்காப்பியம் அரங்கேறியபோது கேட்டுத் தெளிந்த அதங்கோட்டாசான் எங்கள் ஊர்க்காரர் என்று நாங்கள் பெருமை பேசுகிறவர்கள். ஆகவே எனக்கு இங்கே கொஞ்சம் நீளமாக எழுத உரிமை உண்டு.

பனி என்றதும் இமயமலையை நினைப்பானேன்? முன்பனி, பின்பனி என்று இரண்டு பெரும்பொழுதுகளை வகுத்தவர்கள் நாம். பனித்தல் என்பதற்குக் குளிர்தல், நடுங்குதல், துளித்தல் என்று பொருள்கள் உண்டு. கண்கள் பனித்தன என்று இன்றும் எழுதுகிறோம். கண் பனிக்கலாம் என்றால் கண்ணாடி பனிக்கக்கூடாதா? 1223ஆம் குறளில் மாலைப்பொழுது 'பனிஅரும்பி' வருகிறது. அரும்பு போலத் துளிதுளியாக! ஆகவே 'பனிப்பு'. உள் + பனிப்பு = உட்பனிப்பு. மற்றது புறப்பனிப்பு. மஞ்சு என்றும் ஒரு சொல் உண்டு. மேகம் என்று பொருள். மலையாளத்தில் மஞ்ஞு. இனி, கண்ணாடியில் வரும் 'ஆடி' என்ற சொல்லுக்கு வருகிறேன்...

தோவாளையிலிருந்து:

ஐயா, ஆடிக்கு அடுத்த வாரம் வரலாம், திங்கள் அச்சு. அந்தக் குறளில் 'பனி' என்பதற்குப் பரிமேலழகர் நடுக்கம் என்றல்லவா உரை சொல்கிறார்? அங்கே துளியும் இல்லை, அரும்பும் இல்லை, நடுங்கும் மாலைதான் இருக்கிறது.

என் பரிந்துரை 'தேற்றி'. கலங்கிய நீரைத் தெளியவைப்பது தேற்றாங்கொட்டை. தேற்றுதல் என்றால் தெளிவித்தல். 'தெளிப்பி' என்று வைத்தால் மருந்தடிக்கும் தெளிப்பானோடு குழம்பும்.

தக்கலையிலிருந்து:

அக்கா, தேற்றுதல் என்றால் அழுகிறவரைச் சமாதானப்படுத்துவது என்றுதான் பையன்களுக்குத் தெரியும். ஒரு வகையில் சரிதான், கண்ணாடி அழுகிறது, நாம் தேற்றுகிறோம்!

குழித்துறையிலிருந்து:

நீங்கள் பலரும் எங்களுக்குக் கிழக்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் பாட்டிக்கு, மலையாளத்தில் போலவே, பனி என்றால் காய்ச்சல். வண்டிக்கு உட்பனிப்பு என்றால் மாத்திரை வாங்கப் போவார்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து:

நான் பட்டறைக்காரன். குழுமத்தில் இது எனக்கு மூணாவது மடல், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எங்களுக்கு ஒரே சொல்தான்: வேர்க்குது. உள்ளே வேர்த்தால் ஏ.சி., வெளியே வேர்த்தால் வைப்பர். குளிர்ந்த தண்ணீர் ஊற்றின எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்கிறதில்லையா? அதேதான்.

இன்னொன்றும் குறிப்பில் சேருங்கள். போன மழைக்கு ஒரு வண்டி வந்தது. எந்தப் பொத்தானைப் போட்டாலும் உள்ளே மங்கிக்கொண்டே இருந்தது. முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கினால் அடிக்கம்பளம் பிழிந்தால் சொட்டுகிற ஈரம், புளித்த வாடை. ஏ.சி. தண்ணீர் வெளியே போகிற குழாயின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே வழிந்து, அதுவே ஆவியாகிக் கண்ணாடியில் ஏறுகிறது. ஒரு கம்பியால் குத்தினேன், சரியாகிவிட்டது. கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப்பிசுக்கு இருந்தாலும் மங்கல் சீக்கிரம் பிடிக்கும், கையால் தேய்க்கிறவர்கள் அதைக் கூட்டுகிறார்கள். ஏ.சி.யை அணைத்தவுடனே சிலருக்கு மங்கும். சுருளில் தங்கின ஈரம் திரும்பவும் காற்றில் ஏறுவதுதான் காரணம். இதற்கெல்லாம் குறள் வேண்டுமா, எனக்குத் தெரியாது.

அதங்கோட்டிலிருந்து:

பட்டறை ஆசானே, சொல் நன்றுதான். ஆனால் 'வேர்ப்பு' என்று பெயராக்கினால் மரத்தின் வேர் வந்து நிற்கும். வேர்ப்புநீக்கி என்றால் களை பிடுங்கும் கருவி போல இருக்கிறது. அதுவும் போக, வேர்வை உள்ளிருந்து வருவது. கண்ணாடி தானாக எதையும் கசியவிடுவதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

டம்ளரும் கசியவிடுவதில்லை ஐயா.

(இந்த மடலுக்கு இரண்டு நாள் யாரும் பதில் எழுதவில்லை. இடையில் மண்பானை பற்றி அளவில்லாமல் ஒரு கிளை இழை ஓடியது, அதை விட்டுவிடுகிறேன். - நாகர்கோவில்)

நாகர்கோவிலிலிருந்து:

ஞாயிறு இரவு பதினொன்று. பனிப்பு மூன்று பேர், வேர்ப்பு இரண்டு, தேற்றி ஒன்று, ஆவி ஒன்று. பனிநிலை என்ற சொல் முன்பே புழங்குவதால் பனிப்பு அதோடு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்து உட்பனிப்பு, வெளிப்பனிப்பு என்று போட்டுவிட்டேன். 'புற' என்பதைப் பையன்களுக்காக 'வெளி' ஆக்கினேன், அதங்கோட்டு ஐயா மன்னிக்க. குளவிக்கூடு ஏழாம் பக்கத்தில் ஏறிவிட்டது. குழித்துறையின் எதிர்ப்பு பதிவாகிறது. 'வேர்க்குது' என்பதை அடைப்புக்குறியில் சேர்த்திருக்கிறேன்.

பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை. அதன்மேல் இருக்கும் படத்தையே அச்சிட்டேன்.

நாகர்கோவிலிலிருந்து (வியாழன்):

வகுப்பு முடிந்தது. உட்பனிப்பை எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள், வாயால் யாரும் சொல்லவில்லை. பொத்தான் படத்தைக் காட்டினேன். முன்கண்ணாடிக்கான படம் மேல்பக்கம் அகன்ற வளைவு, உள்ளே மூன்று நெளிந்த அம்பு. பின்கண்ணாடிக்குச் செவ்வகம், அது கண்ணாடியில் ஓடும் சூட்டுக்கம்பியை இயக்குவது. "முன்னாடி இருக்கது முறம் மாதிரி இருக்கு சார்" என்றான் அதே பையன். செய்முறை வகுப்பில் இப்போது எல்லோரும் "முறத்தை அமுக்குலே" என்கிறார்கள்.

அதங்கோட்டிலிருந்து:

பனிப்பு நிலைத்ததில் மகிழ்ச்சி, வெளி என்றதில் வருத்தம். முறம், சுளகு இரண்டும் ஒன்றல்ல. நாளை தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.