மலை ஏறும்போது கிளட்ச் ஸ்லிப் ஆகுது: ஆல்டோ 800, கேபிள் கிளட்ச்

கேள்வி:
2014 மாடல், 82,000 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டி ஏற்காடு ஏறும்போது மூணாவது கியர்ல மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, வேகம் ஏறல. ஏழெட்டு கொண்டை ஊசி போனதும் கருகின வாடை. போன மாசம் ரிவர்ஸ் போட்டா கரகரன்னுச்சுன்னு பட்டறையில கேபிளை டைட் பண்ணிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் இது. கியர்பாக்ஸ் இறக்கணுமா, வீட்டுலயே பார்க்க வழி இருக்குங்களா?

பதில் 1:
இறக்குறது கடைசிங்க. முதல்ல பெடலைக் கையால அழுத்துங்க, காலுக்கு அந்த நுணுக்கம் தெரியாது. கனம் தட்டுறதுக்கு முன்னாடி ஒன்றரை, ரெண்டு சென்டிமீட்டர் சும்மா போகணும். அந்த ஆட்டம் இல்லைன்னா, காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் (பெடல் மிதிச்சா கிளட்சை விடுவிக்கிற பேரிங்) பிரஷர் பிளேட்டோட (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல் மேல அழுத்திப் பிடிக்கிற தட்டு) ஸ்பிரிங் விரல்களை அழுத்திக்கிட்டே இருக்கும், கிளட்ச் பிளேட் முழுசா பிடிக்காது. டைட் பண்ணின வண்டியில முதல் சந்தேகம் இதுதான். கியர்பாக்ஸ் லீவர் முனையில இருக்குற கேபிள் நட்டைத் தளர்த்தி ஆட்டம் கொண்டு வாங்க.

பிறகு சமதளத்துல, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக் இழுத்து, மூணாவது கியர்ல லேசா ஆக்சிலேட்டர் கொடுத்து கிளட்சை மெதுவா விடுங்க. இன்ஜின் உடனே ஆஃப் ஆகணும், ஆகலைன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகுதுன்னு அர்த்தம். முன்னாடி யாரும் நிக்கக் கூடாது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப செஞ்சா கிளட்ச் பிளேட் மேல இருக்குற உராய்வுப் பட்டையை, அதாவது லைனிங்கை, நீங்களே எரிச்சிடுவீங்க.

பதில் 2:
பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற இடத்துல கிளட்சை மூடியிருக்குற கூடு) அடியையும் தடவிப் பாருங்க. எண்ணெய்க் கசிவு இருந்தா இன்ஜின் கிராங்க் ஷாஃப்ட்டோட பின்பக்க சீலோ, கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ போயிருக்கலாம். கியர் ஆயில்னா கந்தக நாத்தம் காட்டிக் கொடுத்துடும். சீலை விட்டுட்டு பிளேட் மட்டும் மாத்தினா புது பிளேட்டும் நனையும்.

கேள்வி கேட்டவர்:
அடியில காய்ஞ்சுதான் இருக்கு. பெடல்ல ஆட்டமே இல்லை. நட்டை மரை முடியுற வரைக்கும் தளர்த்தியும் அரை சென்டிமீட்டர்தான் வருது. டெஸ்ட்ல மூணு செகண்ட் இழுத்துட்டுத்தான் ஆஃப் ஆச்சு, வாடையும் வந்துச்சு.

பதில் 1:
அப்போ லைனிங் முடிஞ்சுதுங்க. லைனிங் தேயத் தேய விரல்கள் பேரிங் பக்கம் வரும், ஆட்டம் தானாவே குறையும். கேபிள் நீண்டா நேர் எதிர், ஆட்டம் கூடும். பட்டறைக்காரர் தேய்ஞ்ச பிளேட் மேல கேபிளையும் இறுக்கிட்டார், எரிச்சல் சீக்கிரம் வந்துடுச்சு.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் சேர்ந்த செட்டா வாங்குங்க. டிரைவ் ஷாஃப்ட் ரெண்டையும் எடுத்து, இன்ஜினுக்கு முட்டு கொடுத்து கியர்பாக்ஸ் இறக்கணும். தனியா செய்யுற வேலை இல்லை, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. ஃப்ளைவீல்ல நீலத் திட்டோ வெடிப்போ இருந்தா லேத்துல காட்டுங்க. புது பிளேட்டை சென்டரிங் பின் வச்சு நடுவுல நிறுத்தி, போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க. நடு தப்பினா ஷாஃப்ட் உள்ளே போகாது. ஸ்ப்ளைன்ல (பிளேட் கோர்க்குற ஷாஃப்ட்டோட பல்வரிசை) கிரீஸ் மெல்லிசா பூசித் துடைச்சிடுங்க, மிஞ்சினது லைனிங்ல தெறிக்கும். விரல் அழுக்குகூட அதுல படக் கூடாது.

முதல் 500 கிலோமீட்டர் மலை வேண்டாம். அப்புறமும் வளைவுல ஹாஃப் கிளட்ச்ல (பெடலைப் பாதி மிதிச்ச நிலையில) தொங்காம முதல் கியருக்கு வந்துடுங்க. ரிவர்ஸ் கரகரப்புக்குக் கேபிளைத் தொட்டிருக்கவே வேண்டாம். ரிவர்ஸ்ல சிங்க்ரோ (கியர் போடும்போது பற்களோட வேகத்தைச் சமமாக்குற அமைப்பு) கிடையாது. வண்டி முழுசா நின்ன பிறகு கிளட்ச் மிதிச்சு மூணு எண்ணிட்டுப் போடுங்க, சத்தம் வராது.