புதுப்பிப்பு: பழைய ஜெர்மன் தேர்வு முடிந்தது

அக்டோபரில் இங்கே புலம்பியிருந்தேன். ஜெர்மனியில் கெர்மானிஸ்டிக் (ஜெர்மன் மொழி, இலக்கியப் படிப்பு) சேர்ந்தாயிற்று, மொழியியலும் நவீன இலக்கியமும் பரவாயில்லை. ஆனால் 1200 வாக்கில் எழுதப்பட்ட நீபலுங்கன்லீட் காவியத்தை மூலத்திலேயே படிக்கச் சொல்கிறார்கள், துறையை மாற்றிவிடலாமா என்று. "வாய்விட்டுப் படியுங்கள்" என்று ஒருவர் சொன்னீர்கள். அதுதான் காப்பாற்றியது.

தாளில் அந்நியமாகத் தெரிந்த 'மீன் ஹூஸ்', சொல்லிப் பார்த்தால் இன்றைய 'மைன் ஹவுஸ்'தான். என் வீடு என்று பொருள், மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றைய ஈ இன்று ஐ, ஊ இன்று அவ். இது பிடிபட்டதும் பாதிச் சொற்கள் தாமாகத் திறந்துகொண்டன.

ஏமாற்றுவது தெரிந்த சொற்கள்தான். இன்று 'ஹோஹ்ட்சைட்' என்றால் கல்யாணம். அதன் பழைய வடிவம் பெரிய திருவிழா எதையும் குறிக்கும். அரசவை விருந்தைக் கல்யாணம் என்று மொழிபெயர்த்து மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டேன். நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' பட்ட பாடு தெரிந்தும்!

சரி, முடிவு: 2.3. அம்மா போனில் பதறிவிட்டார். இங்கே 1தான் உச்சம், 4 வரை தேர்ச்சி என்று விளக்கியும் முழுதாக நம்பவில்லை.

துறையை மாற்றவில்லை. அடுத்த செமஸ்டருக்கு அதே காலத்துக் கவிஞர் வால்டர் ஃபான் டெர் ஃபோகல்வைடெயின் பாடல்களை எடுத்திருக்கிறேன்.