மறு: 'பீ ஸ்பேஸ்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

தேனீப் பெட்டிக்குள் தேனீக்கள் நடமாட விடும் சிறு இடத்தை ஆங்கிலத்தில் 'பீ ஸ்பேஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'தேனீ இடைவெளி' போதும் என்று இங்கே சொல்லப்பட்ட கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. சொல்லில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தேனீ வளர்ப்பில் 'இடைவெளி' ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே விடுவதும் இடைவெளி, ஒரு தேனடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவரை உள்ள தூரமும் இடைவெளி. இத்தாலியத் தேனீக்கு இந்த இரண்டாவது சுமார் 35 மி.மீ., நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீக்கு அதைவிடக் குறைவு. புதிதாகப் பெட்டி வைப்பவர் இதையும் பீ ஸ்பேஸையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்.

நாம் பெயர் தேடுவது தேனீ நடக்கும் வழிக்கு. 1851இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் தேனீ வளர்த்த லாங்ஸ்ட்ராத் பாதிரியார், பெட்டியின் மூடிக்கும் அதன் கீழே அடைகள் தொங்கிய கட்டைகளுக்கும் நடுவே 3/8 அங்குலம் விட்டார். மூடி ஒட்டாமல் வந்தது. அதே அளவை, அடையைத் தாங்கும் மரச் சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவிலும் விடலாமே என்று அப்புறம்தான் தோன்றியது. அடையை அறுக்காமல் சட்டத்தைத் தூக்க முடிந்தது அதனால்தான். மறு ஆண்டே அந்தப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

6 முதல் 9 மி.மீ. வரை இருந்தால் இத்தாலியத் தேனீ அதை வழியாக விட்டுவைக்கும். குறைந்தால் மரங்களிலிருந்து கொண்டுவரும் பிசின் வைத்து அடைக்கும், கூடினால் அங்கேயே அடை கட்டும். அடுக்குத் தேனீக்குப் பிசின் பழக்கம் இல்லை. ஆனால் அது நுழைய முடியாத இடுக்கு, அடையை அரிக்கும் மெழுகுப் பூச்சிக்கு வசதி.

கூட்டுக்குள் இந்த வழி எங்கும் ஒரே அகலம் என்றும் நினைக்க வேண்டாம். புழு வளரும் இடத்தில், எதிரெதிர் அடைகளில் வேலை செய்யும் தேனீக்கள் முதுகுக்கு முதுகு நகரும் அளவு இருக்கும். புழு அறையின் ஆழம் மாறாததால் அந்த அகலமும் அதிகம் மாறாது. தேன் சேர்க்கும் இடத்தில் அப்படி இல்லை. அங்கே தேனீக்கள் அடையின் அறைகளை நீட்டிக்கொண்டே போய், வழியை ஒடுக்கிவிடும்.

ஆகவே என் முன்மொழிவு: தேனீச்சந்து. ஒடுக்கம், நடமாட்டம் இரண்டும் அதில் இருக்கின்றன. 'தேனீ வழி' என்றால் பெட்டி வாசலோடு குழம்பும். நியூட்டன் பெட்டி என்ற வகைத் தேனீப் பெட்டி செய்யும் தச்சரிடம் "பக்கத்தில் சந்து விடுங்க" என்றால் விளக்கம் கேட்க மாட்டார். ஒரு சிக்கல் உண்டு: இரண்டாம் வேற்றுமை சேர்த்தால் 'தேனீச்சந்தை' ஆகி, வியாபாரம் ஆரம்பித்துவிடும்! 'சந்தினை' என்றோ 'சந்தின் அகலத்தை' என்றோ எழுதிச் சமாளிக்கலாம்.

சந்து அகன்றால் கட்டும் அந்த வேண்டாத அடைக்கும் சொல் வேண்டும். 'ஒட்டடை' என்று வாயில் வந்தது, வீட்டு மூலை நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். இரண்டு சட்டங்களைப் பிணைத்துக் கட்டுவதை மட்டும் 'குறுக்கடை' எனலாமா? தேனீ வளர்ப்புக்குப் பேர்போன, கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்திருப்பவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.